உண்ணாமலை சீட் கேட்டாள்

எங்கள் ஏழாவது வார்டு பெண்களுக்கு என்று தெரிந்த அன்று நானும் உண்ணாமலையும் முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தோம். பேரூராட்சித் தேர்தல் வரப்போகிறது, எந்த வார்டு யாருக்கு என்று வந்துவிட்டது என்று சொல்லி மேஸ்திரி போனைப் பார்த்து வாசித்தார். "ஏழு, பெண்கள்" என்றதும் உண்ணாமலை மிஷினை நிறுத்திவிட்டாள். காலால் மிதித்துக் கையால் இழுத்து உடைக்கிற மிஷின் அது. சாம்பலும் கொட்டைப் பாலும் சேர்ந்து கறுத்துப்போன கையோடு என் பக்கம் திரும்பினாள்.

"அம்சா, நான் சீட் கேக்கப்போறேன்டி" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேலிச் சிரிப்பு இல்லை. இவள் வாயிலிருந்து இந்த வார்த்தை வராதா என்று எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தவள் நான். ஒனக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப்போறானுவ என்று பெரிய இவள் மாதிரி சொல்லிவிட்டேன்.

உண்ணாமலையும் நானும் ஒரே வயது, ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். ஆண்டிமடம் பக்கம் எங்கள் ஊர். எனக்குக் கல்யாணமாகிப் பேரப்பிள்ளை வரைக்கும் வந்தாயிற்று. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா சீக்கிரம் போய்விட்டார், அம்மாவுக்குப் பக்கவாதம், தம்பி அறிவழகன் சின்னப் பையன். வரன் வந்த சமயத்திலெல்லாம் அந்த வீட்டில் யாராவது ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பிறகு வரன் வருவதே நின்றுபோயிற்று. அதற்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை. தம்பியைப் படிக்கவைத்தாள், ஜெயங்கொண்டத்தில் செல்போன் கடை வைத்துக்கொடுத்தாள், வெற்றிச்செல்வியைப் பெண் பார்த்துக் கட்டிவைத்தாள். இப்போது அவர்களோடுதான் இருக்கிறாள்.

கட்சியில் அவள் மகளிர் அணி அமைப்பாளர். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். எந்தக் கட்சியாக இருந்தாலும் இந்தக் கதையில் கொடி கலர் மட்டும்தான் மாறும். அமைப்பாளர் என்றால் என்ன வேலை தெரியுமா? தலைவர்கள் வந்தால் ஆரத்தித் தட்டோடு பெண்களை வரிசையில் நிறுத்த வேண்டும். கூட்டம் என்றால் டாடா ஏஸில் ஆள் ஏற்றிக்கொண்டு போய், வெயிலில் உட்காரவைத்து, எல்லாருக்கும் பொட்டலம் கிடைத்ததா என்று பார்த்து, திரும்பப் பத்திரமாகக் கொண்டுவந்து வீட்டில் விட வேண்டும். மேடையில் கடைசி நாற்காலி கிடைக்கும். அதையும் எந்த ஆம்பளையாவது தாமதமாக வந்தால் எழுந்து கொடுத்துவிட வேண்டும்.

இதுபோக யாரும் கொடுக்காத வேலை ஒன்றையும் அவளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். தெருவில் எவளுக்காவது விதவை பென்ஷன் நின்றுபோனால், ரேஷன் கார்டில் பிள்ளை பெயர் விட்டுப்போனால், மேலத்தெரு குழாயில் தண்ணீர் வராமல் போனால், கம்பெனி விட்டதும் கையைக் கழுவிக்கொண்டு பேரூராட்சி ஆபீஸ் வாசலில் போய் நிற்பாள். உள்ளே விட மாட்டார்கள். கவுன்சிலரைக் கூட்டி வா என்பார்கள். கவுன்சிலர் கல்யாணத்துக்குப் போயிருப்பார், இல்லாவிட்டால் கருமாதிக்குப் போயிருப்பார். இவள் நிற்பாள். அந்த ஆபீஸுக்குள் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. வாசலில் நின்று நின்று கால் வலிக்குதுடி என்பாள்.

எங்கள் கட்சியில் தேர்தலில் நிற்க வேண்டுமென்றால் முதலில் விருப்ப மனு கொடுக்க வேண்டும். எனக்கு நிற்க ஆசை, என்னை நிறுத்துங்கள் என்று கட்சிக்கே எழுதிக் கொடுப்பது. பிறகு மாவட்டத்தில் கூப்பிட்டு நேர்காணல் நடத்துவார்கள். அதில் தேறினால்தான் சீட். மனு வாங்க எங்கள் ஊர்ச் செயலாளர் அரியமுத்து வீட்டுக்குப் போனோம். அரியமுத்து கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அவள்மேல் மரியாதை உள்ளவர்தான். மனுவைக் கையில் கொடுத்துவிட்டு இழுத்து இழுத்துப் பேசினார்.

"நேர்காணலுக்கு ஒண்டியா போவாதம்மா. கூட ஒரு ஆம்பளய கூட்டிட்டுப் போ. எல்லாப் பொண்ணுங்களும் வூட்டுக்காரரோடதான் வருவாங்க. நீ மட்டும் தனியா போயி நின்னா நல்லாவா இருக்கும்?"

என் வாய் சும்மா இருக்குமா? வார்டு பெண்கள் வார்டு, நிற்பது பெண், இதில் ஆம்பளைக்கு என்ன சோலி என்று கேட்டேன். அவர் என்னை ஆளாகவே மதிக்கவில்லை. நடைமுறையைத்தானே சொல்கிறேன் என்று உண்ணாமலையிடம் சொன்னார். அவள் சரிங்கண்ணே என்று தலையை ஆட்டினாள்.

கூட்டிப்போக இருந்த ஒரே ஆம்பளை தம்பிதான். அறிவழகன் எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் வந்தவனில்லை. கடை உண்டு, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் உண்டு என்று இருக்கிறவன். அக்கா கேட்டதும் கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்றான். அதுவரை அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பேண்ட் சட்டையில் போனால் மதிக்க மாட்டார்கள் என்று இவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஜெயங்கொண்டம் போய் அவனுக்குக் கட்சிக் கரை போட்ட வேட்டியும் வெள்ளைச் சட்டையும் எடுத்துவந்தாள். நிக்கப்போறது நீயா அவனாடி என்று கேட்டேன். கூட வருகிறவன் கட்சிக்காரன் மாதிரி இருந்தால்தான் நமக்கு மரியாதை என்றாள். வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட்டைப் போட்டு இறுக்கிக்கொண்டு வந்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தான். அவள் எல்லாக் கல்யாணத்துக்கும் உடுத்துகிற பச்சைப் புடவையில் வந்தாள்.

அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நேர்காணல். சிமெண்ட் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி பஸ் போய்ச் சேர்வதற்குள் உயிர் போயிற்று. வழியெல்லாம் அவள் பதில் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தாள். நான்தான் கேள்வி கேட்கிறவர். மேலத்தெருவுக்கு ஏன் தண்ணீர் ஏறவில்லை, அதற்கு என்ன செய்யலாம், சுடுகாட்டுப் பாதையில் விளக்கு, பெண்கள் கழிப்பறையை ஏன் பூட்டியே வைத்திருக்கிறார்கள் என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். அறிவழகன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டான்.

மண்டபம் நிறையப் புருஷன் பெண்டாட்டிகள். பைல் புருஷன் கையில், தண்ணீர் பாட்டில் பெண்டாட்டி கையில். நேர்காணலை மணமகள் அறையில் வைத்திருந்தார்கள், அங்கேதான் ஏசி இருக்கிறதாம். அன்றைக்குப் பார்த்து அது ஓடவில்லை, அதனால் கதவைத் திறந்தே போட்டிருந்தார்கள். நான் வாசலை ஒட்டி நின்றுகொண்டேன். உள்ளே பேசியது எல்லாம் காதில் விழுந்தது.

மூன்று ஆண்களும் ஒரு அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் ஒரு நாற்காலி. நடுவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "வாங்க தம்பி, உக்காருங்க" என்றார். அறிவழகன் அக்காவைப் பார்த்தான். அவள் உட்காரச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். உட்கார்ந்துவிட்டான். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

பிறகு எல்லாம் அவனிடம்தான் கேட்டார்கள். என்ன தொழில், எத்தனை நாளாகக் கடை, சொந்தக்காரர்கள் எந்தெந்தத் தெருவில் இருக்கிறார்கள், பிரச்சாரத்துக்கு எத்தனை பையன்களைத் திரட்ட முடியும். அவனும் பாவம், அக்காவுக்கு நல்லதாகட்டும் என்று கணீர் கணீரென்று பதில் சொன்னான். கடைக்காரன் அல்லவா, பேச்சு வராமல் இருக்குமா? கல்யாணம் ஆகிவிட்டதா என்றார்கள். ஆகிவிட்டது, சம்சாரம் பி.காம். படித்தவள் என்றான். நடுவில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்.

அதற்கப்புறம்தான் அவள் ஒருத்தி நிற்பது அவர்கள் கண்ணில் பட்டது. அந்த அம்மா, நீ ஏம்மா கல்யாணம் பண்ணிக்கல என்று கேட்டார். அமையலீங்க மேடம் என்றாள். நாளைக்கே கல்யாணம் கட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டால் வார்டு என்ன ஆவது என்று ஒருவர் கேட்டார். நாற்பத்தெட்டு வயதுக்காரியிடம் கேட்கிறார் இந்தக் கேள்வியை! எனக்கு வாசலில் நின்றபடியே பற்றிக்கொண்டு வந்தது. இன்னொருவர், தனியாக இருக்கிற பெண் வீடு வீடாக ஏறி இறங்கினால் எதிர்க்கட்சிக்காரன் வாய்க்கு வந்ததைப் பேசுவான், அதற்கு யார் பதில் சொல்வது என்றார்.

"நாந்தாங்க சொல்லணும்" என்றாள் உண்ணாமலை. "இத்தன வருஷமா நாந்தான் சொல்லிட்டிருக்கேன்."

அவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தை ஏதோ சொன்னால் சிரிப்போமே, அந்த மாதிரி. சரிம்மா, பாக்கலாம் என்றார்கள். குழாயைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. அறிவழகனுக்கு மட்டும் டீ வரவழைத்துக் கொடுத்து, போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பிடிக்காவிட்டால் டீ கொடுப்பார்களா, நம்பர் வாங்குவார்களா என்று என்னிடம் கேட்டாள். நானும் அதை நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? அவளுக்குப் போட்டியாக மனு கொடுத்திருந்த மற்ற இரண்டு பேரையும் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது.

வேட்பாளர் பெயர்கள் வாட்ஸப்பில் வந்தன. கம்பெனியில் சாப்பாட்டு நேரம். அவள் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே இருக்க, நான்தான் அவள் போனை வாங்கிப் பார்த்தேன். ஏழாவது வார்டு: வெற்றிச்செல்வி அறிவழகன். நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வெற்றிச்செல்வி விருப்ப மனுவே கொடுக்கவில்லை! ஒரு கொடி பிடித்ததில்லை, ஒரு கூட்டத்தில் உட்கார்ந்ததில்லை. உண்ணாமலை போனை வாங்கிப் பார்த்தாள். பிறகு டிபன் பாக்ஸை மூடிவிட்டு, எழுந்து போய் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

நடந்தது பிறகு தெரிந்தது. நேர்காணல் முடிந்த மறுநாளே அறிவழகனுக்குப் போன் வந்திருக்கிறது. தம்பி நன்றாகப் பேசுகிறீர்கள், குடும்பஸ்தர், ஆள் பலம் இருக்கிறது, உங்கள் சம்சாரத்தை நிறுத்தலாமே என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாமென்றால் சீட் வேறு தெருவுக்குப் போய்விடும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அரியமுத்துவே பழைய தேதி போட்ட மனுவோடு வீட்டுக்குப் போய், உண்ணாமலை கம்பெனியில் இருந்த நேரத்தில், செல்வியிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அன்று ராத்திரி இவள் கேட்டதற்கு, நானா கேட்டேன், அவுங்களாதானே குடுத்தாங்க, எப்புடியும் நம்ம வூட்டுக்குத்தானேக்கா வருது என்றானாம் அறிவழகன். வெற்றிச்செல்வி, பாவம், மூலையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். எனக்கு ஒன்னும் தெரியாது அண்ணி என்று காலைக் கட்டிக்கொண்டாளாம். உண்ணாமலை அவளை எழுப்பி உட்காரவைத்துச் சாப்பாடு போட்டிருக்கிறாள். இதெல்லாம் மறுநாள் அவளே எனக்குச் சொன்னது. சொல்லும்போது குரல் கூட உயரவில்லை.

அதோடு விட்டார்களா? மனுத்தாக்கலுக்கு முந்தின நாள் அரியமுத்து வந்து நின்றார். செல்வியின் மனு ஏதாவது தப்பாகித் தள்ளுபடி ஆனால் வார்டு கையை விட்டுப் போய்விடுமே, அதனால் இன்னொருவரும் மாற்று வேட்பாளராக மனு கொடுத்துவைப்பது வழக்கம். செல்வி மனுவை ஏற்றுக்கொண்டதும் மாற்று ஆள் வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு உண்ணாமலையை விட்டால் யார் இருக்கிறார்கள் என்றார். ஒப்புக்கு நிற்க மட்டும் இவள் வேண்டும்! நான் கத்தப் போனேன். அவள் சரிங்கண்ணே என்றுவிட்டாள். அந்த மனுவில் முன்மொழிந்தவள் நான். அவள் பெயருக்குக் கீழே என் பெயரைப் போட்டபோது, ஆனது ஆகட்டும், இவள் இதை வாபஸ் வாங்கவே கூடாது என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

செல்வியின் மனு ஏற்கப்பட்டது. உண்ணாமலையின் மனுவும் ஏற்கப்பட்டது. வாபஸ் வாங்கக் கடைசி நாள் மூன்று மணி வரைக்கும் நேரம். வாங்காவிட்டால் அவள் சுயேச்சை, ஓட்டுப் போடுகிற இடத்தில் அவள் பெயரும் இருக்கும். எங்கள் தெருப் பெண்கள் கம்பெனிக்கே வந்து அவள் கையைப் பிடித்துச் சொன்னார்கள், நில்லு, நாங்க போடுறோம் என்று. அன்று காலை முழுக்க அவள் மிஷினை விட்டு எழவில்லை. இரண்டு மணி தாண்டியதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். அப்போது எழுந்தாள். கையைக் கழுவினாள். வாடி, போயிட்டு வந்துரலாம் என்றாள்.

பேரூராட்சி ஆபீஸுக்குப் போகிற வழியெல்லாம் நான் அவளைத் திட்டிக்கொண்டே போனேன். உனக்கு ரோஷம் இல்லையா, மானம் இல்லையா, உன் உழைப்பை உன் தம்பி பெண்டாட்டி தலையில் கட்டிவிட்டு ஆரத்தித் தட்டைத் தூக்கப்போகிறாயா என்று வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். ஆபீஸ் வாசலுக்கு வந்ததும் நின்றாள்.

"சுயேச்சையா நின்னா கட்சியில இருந்து பேர எடுத்துருவாங்கடி" என்றாள். "ரேஷன் கார்டுல மொதல்ல அப்பா பேருக்குக் கீழ இருந்தேன். இப்ப தம்பி பேருக்குக் கீழ இருக்கேன். கட்சி கார்டுல மட்டுந்தான் எம்பேரு தனியா இருக்கு. அதயும் வுட்டுட்டு நான் எங்கடி போவேன்?"

அவள் உள்ளே போனாள். அன்றைக்கு அவளை யாரும் வாசலில் நிறுத்தவில்லை. வாங்கம்மா, உக்காருங்க என்று நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கூட யார் வந்திருக்கிறார்கள், வீட்டுக்காரர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். கால் ரொம்ப வலிக்குதுடி, பஸ்ல போயிரலாம் என்றாள். இரண்டு தெரு தள்ளித்தான் எங்கள் வீடு.

பிரச்சாரத்துக்கு அவள்தான் முன்னால் போனாள். வேறு யார் போவது? செல்விக்கு வாய் திறக்கவே வரவில்லை, எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அறிவழகனுக்குத் தெரியாது. போஸ்டரில் அவன் கும்பிட்டபடி பெரிதாக இருந்தான், செல்வி ஓரத்தில் சின்னதாக. உண்ணாமலை படம் இல்லை. நானும் போனேன். அவளைத் தனியாக விட மனசு வரவில்லை.

முதல் வீடு ஜோதியுடையது. புருஷன் செத்தபோது அவளுக்குப் பென்ஷன் வாங்கிக் கொடுத்தவள் உண்ணாமலைதான். ஜோதி எங்கள் எல்லாரையும் விட்டுவிட்டு நேரே இவளிடம் வந்து, ஏங்க்கா நீங்க நிக்கல என்று கேட்டாள். பின்னால் அறிவழகனும் அரியமுத்துவும் நின்றார்கள். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னையத்தான் கேட்டாங்க ஜோதி" என்றாள் உண்ணாமலை. சிரித்துக்கொண்டே சொன்னாள். "நாந்தான் வேண்டாம்னுட்டேன். நமக்கு எதுக்கு அதெல்லாம்?"

ஜோதி கண் கலங்கிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வீட்டிலும் அதே கேள்வி, அதே பதில். தெரு முனைக்கு வருவதற்குள் பேச்சு எங்களுக்கு முன்னால் போய்விட்டது. பிறகு யாரும் கேட்கவில்லை. நீ ஒருத்திதான்டி தம்பிக்காக இப்படி விட்டுக்கொடுப்பே என்று அவர்களே சொன்னார்கள். தெருமுனைத் தண்ணீர் டேங்க் நிழலில் கொஞ்சம் ஒதுங்கியபோது, ஏன்டி இப்படிப் புளுகுகிறாய் என்று அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"கேட்டுக் குடுக்கலன்னா சிரிப்பாங்கடி" என்றாள். "வேண்டாம்னு சொன்னா கும்புடுறாங்க."

செல்வி ஜெயித்தாள். கூட்டத்துக்கு அறிவழகன் கூடவே போகிறான், பேசுவதும் அவன்தான். மேலத்தெரு குழாய் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த சுற்றில் இந்த வார்டு பொதுவாகிவிடும் என்கிறார்கள். பொது என்றால் எங்கள் கட்சியில் ஆம்பளை என்று அர்த்தம். வெற்றி விழா மேடையில் அறிவழகன் மைக்கைப் பிடித்து, எங்கள் அக்காவைத்தான் கட்சி நிற்கச் சொன்னது, அக்காதான் பெருந்தன்மையாக வேண்டாம் என்றார் என்று பேசினான். அவனுக்கே அது உண்மையாகிவிட்டது போலிருக்கிறது, குரல் தழுதழுத்தது. கூட்டம் கை தட்டியது. அவளை மேலே கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். அவளும் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

இப்போது ஊரில் எல்லாருக்கும் அதுதான் கதை. பிள்ளைகளுக்குக்கூடச் சொல்கிறார்கள், உண்ணாமலை மாதிரி ஆசையில்லாத மனுஷி உண்டா என்று. கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அவளிடமிருந்து சீட்டைத்தான் எடுத்தார்கள் என்று நினைத்திருந்தேன். அவள் ஆசைப்பட்டதையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள், அதற்குச் சால்வையும் போட்டுவிட்டார்கள். நான் உயிரோடு இருக்கிறவரைக்கும் சொல்வேன், யார் வேண்டுமானாலும் என்னைப் பொறாமைக்காரி என்று ஏசிக்கொள்ளுங்கள். உண்ணாமலை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்கு வேண்டும் என்று இருந்தது, வாயைத் திறந்து கேட்டாள்.